குதிகால் ஊன்றாத வீடு

எங்கள் வீட்டில் யாரும் குதிகால் ஊன்றி நடப்பதில்லை. ஜெர்மனிக்கு வந்த நாள் முதல், மூன்றாம் மாடியில், கம்பளிச் செருப்புப் போட்டுக்கொண்டு திருடர்கள் மாதிரி நடமாடுகிறோம். கீழ்வீட்டு அம்மையாருக்குச் சத்தம் ஆகாது. கரண்டி விழுந்தால்கூடத் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். படியில் பார்த்தால் ‘ரூஹெ’ என்பார், அமைதி என்று அர்த்தம். வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒருமுறை புகார் எழுதியும் போட்டுவிட்டார். இந்த ஊரில் வேறு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் மகள் யாழினி நடக்கப் பழகியதிலிருந்து நான் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: குதிக்காதே. பூங்காவுக்கு அழைத்துப் போயிருக்கலாம். எனக்கும் கணவருக்கும் வேலை, வெளியே குளிர் என்று நாள்கள் போய்விட்டன.

அவளுக்கு ஆறு வயதாகப் போகிறது. பள்ளியில் சேர்க்கும் முன் இங்கே அரசாங்க டாக்டரிடம் காட்ட வேண்டும். எழுத்து, எண், நிறம் எல்லாம் உருப்போட்டுத் தயாராகத்தான் போனோம். டாக்டரம்மா தரையில் ஒரு கோட்டைக் காட்டி, ஒற்றைக் காலில் நொண்டியடித்து வரச் சொன்னார். யாழினி காலைத் தூக்கினாள், ஆடினாள், சுவரைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு காலும் சேர்த்துத் தாவச் சொன்னார். அதுவும் வரவில்லை. பந்தைப் போட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் பேனாவை எடுத்தார். பள்ளியில் சேர்க்காமல் ஒரு வருடம் நிறுத்திவைத்து விடுவார்கள் என்று பயந்துவிட்டேன்.

அந்தப் பதற்றத்தில் செய்த காரியத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மகளின் வலது கையை இழுத்து, தலைக்கு மேலே வளைத்து, இடது காதைத் தொட வைத்து, பாருங்கள் எட்டுகிறது என்றேன். டாக்டர், காது வலியா என்று கேட்டு, விளக்கை எடுத்துக் காதுக்குள் பார்த்தார்.

ஊர்க்காரர்களுக்குப் புரியும். 1991இல் ஒரகடம் பக்கத்தில் எங்கள் பஞ்சாயத்துப் பள்ளியில் சேர அது ஒன்றுதான் பரீட்சை; காது எட்டினால் வயது சரி. எனக்குக் கை ஒரு விரல்கடை எட்டவில்லை. அம்மாவுக்கு வாலாஜாபாத் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. என்னை விட்டுப்போக வேறு இடம் இல்லை. ஹெட்மாஸ்டர் திரும்பிய நேரம் பார்த்து அம்மா என் தலையை அழுத்தினாள்.

“தலைய சாச்சிக்கடி. எட்லன்னா கம்பெனில என் சீட்ட கிழிச்சுடுவான்.”

எட்டிவிட்டது. என் கால்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பாண்டி ஆட்டத்தில் பெரிய பெண்களையே அழவிட்ட கால்கள் அவை. ஓடவும் தாவவும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

டாக்டர் என்னை விட்டுவிட்டு யாழினியிடம், வீட்டில் என்ன விளையாடுவாய் என்று கேட்டார். அவள் சுத்தமான ஜெர்மனில் சொன்னாள்: “நாங்கள் பூனை மாதிரி நடப்போம். சத்தம் போட்டால் எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், அம்மா சொல்லியிருக்கிறாள்.”

நான் சொன்னதுதான். பெற்றவளே பிள்ளையின் காலைக் கட்டிப்போட்டிருக்கிறேன். மூன்று மாதம் கழித்து மறுபடி அழைத்து வரச் சொன்னார் டாக்டர். அதுதான் கடைசி வாய்ப்பாம்.

அன்று மாலையே கூடத்தில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிக்கச் சொன்னேன். நம்பாமல் பார்த்தாள். என் கையைப் பிடித்து முதல் கட்டம் தாண்டினாள், இரண்டாவதும் தாண்டினாள். கையை விட்டேன். மூன்றாவதில் தொம்மென்று குதித்ததும் கீழேயிருந்து கட்டை இடித்தது. யாழினி ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டாள், எதையும் பிடிக்காமல், ஆடாமல்.

“அம்மா, கால கீழ வெக்கலாமா?” என்று கிசுகிசுத்தாள்.