குச்சு கட்ட வந்த சித்தி

என் மகள் வீட்டில் சாயந்தரமானால் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்துகிறார்கள். பெண் என்றால் யார், ஆண் என்றால் யார், பிறப்பா, மனசா, சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவரை ஒருவர் பேசவே விடுவதில்லை. நான் அஞ்சாவதோடு நின்றவள். கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் இது எங்கள் வீட்டுக் கொல்லையில், ஒரு வேட்டியை வைத்து, என் அம்மா எப்போதோ தீர்த்துவைத்த வழக்கு. தீர்ப்பு சொன்னபோது நானும் இருந்தேன். சொல்லப்போனால் அந்தத் தீர்ப்பின் மேலேயேதான் உட்கார்ந்திருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்ப் பக்கம் எங்களுக்கு வாழைத் தோட்டம். காவேரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் எந்தப் பையனும் நீச்சலில் என்னை முந்தியதில்லை. இதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறேன். அந்த மாதம்தான் நான் வயதுக்கு வந்தேன். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வந்து இறங்கிய கையோடு சட்டம் போட்டாள். ஆற்றுக்குப் போகக் கூடாது. மரம் ஏறக் கூடாது. காலை அகட்டி உட்காரக் கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது. "இனிமே நீ பொம்பளை," என்றாள். கேட்காத வேலைக்கு யாரோ என்னைச் சேர்த்துவிட்ட மாதிரி இருந்தது.

வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக உட்காரவைக்கக் கொல்லையில் பச்சைத் தென்னங்கீற்றால் சின்னக் குடிசை ஒன்று கட்டுவார்கள். குச்சு என்போம். அதைத் தாய்மாமன்தான் கட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல். அம்மாவோடு உடன்பிறந்தது ஒன்றே ஒன்று. தம்பி என்றுதான் வளர்த்தார்கள். மீசை முளைக்கிற வயதில் "நான் பொண்ணு, எனக்கு வேட்டி வேணாம்" என்று சொல்லி, தாத்தாவிடம் புளிய விளாறால் அடி வாங்கி, வீட்டைவிட்டுப் போனவள். இப்போது திருநங்கை என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு ஊர் சொன்ன சொற்களை நான் வாயால் சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

அதனால் துவாக்குடியிலிருந்து அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பியை வரவழைத்தார்கள். ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு குச்சைக் கட்டினார், காபி குடித்தார், கிளம்பினார். அவர் பஸ் ஏறியிருக்க மாட்டார், ஆடிக்காற்றில் குச்சு மொத்தமாக என் தலையில் சரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்பது ஞாபகம் வந்து அழுதுவைத்தேன்.

"சொந்த மாமன் உசுரோட இருக்கையில வேத்தாளு கட்டினா நிக்குமா?" என்றாள் அத்தை. "எங்க இருந்தாலும் வரச் சொல்லுங்க."

எங்கே என்று யாருக்கும் தெரியாது என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அம்மா, "சமயபுரத்துல, கோயில் கடைத்தெருவுல, தேங்காக்கடைக்கு அடுத்த பூக்கடை," என்றாள். வருஷா வருஷம் பூச்சொரிதலுக்கு அவள் தனியாகப் போய்வந்தது ஆத்தாளைப் பார்க்க மட்டும் இல்லை போல. அப்பா ஒன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்தார்.

மத்தியானம் அதே சைக்கிளின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து அவள் வந்தாள். மாம்பழக் கலர் சேலை, கொண்டையில் கனகாம்பரம், மடியில் பூவும் பழமும் வைத்த சீர்த்தட்டு. அத்தை வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் பின்னாலேயே வந்தாள்.

"சேலையக் கட்டிக்கிட்டுக் குச்சு கட்டினா, யாரு கட்டினதுன்னு ஊருக்குச் சொல்றது?"

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, அப்பாவின் தீபாவளி வேட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதக் கட்டிட்டு வா. ஒரு பொழுது மாமனா இரு. அப்புறம் உன் இஷ்டம்."

தாத்தா அத்தனை அடித்தும் கட்டாத வேட்டி. வந்தவள் என்னைப் பார்த்தாள். சரிந்த கீற்றுகளுக்குப் பக்கத்தில், சாக்கின் மேல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"குடுங்க. புள்ளைக்குத்தானே," என்றாள்.

அதுவரை அடுப்படியில் நின்றிருந்த அம்மா இறங்கி வந்தாள். வேட்டியை அவள் கையிலிருந்து எடுத்தாள். ஒரு உதறு உதறினாள். என்னை எழச்சொல்லிச் சாக்கைத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் வேட்டியை விரித்தாள்.

"உக்காருடி."

உட்கார்ந்தேன். தீட்டில் இருக்கிற பெண் உட்கார்ந்த துணியை, வெளுத்து வருகிற வரைக்கும், யாரும் கட்டக் கூடாது. அதுவும் அத்தை போட்ட சட்டம்தான்.

அத்தை பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "வேற வேட்டி இல்லையா இந்த வீட்டுல?" என்றாள்.

"இருக்கு அண்ணி, கொண்டாங்க. புள்ளைக்கு விரிப்பு எத்தன இருந்தாலும் ஆகும்," என்றாள் அம்மா.

அப்பா தொண்டையைச் செருமினார். "அக்கா, எனக்கு இருக்கறதே கொஞ்சம். விட்டுரு."

"எங்கூடப் பொறந்தவ வந்திருக்கா. அவ கட்டுவா," என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பி, "சித்திக்கு வழிவிட்டு உக்காரு," என்றாள். ஒரு தீபாவளி வேட்டி பாழாய்ப் போகிறதே என்பதுதான் அப்போது என் கவலை.

சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாழைநாரை நனைத்தாள். அவள் கட்டிய குச்சு அந்த ஆடி முழுக்க அசையவில்லை. எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு அம்மாவே என்னை ஆற்றுக்கு அனுப்பினாள். அத்தை கேட்டதற்கு, "தாய்மாமன் வீட்டு உத்தரவு," என்றாள். அதற்கு அத்தையிடம் சட்டம் இல்லை. பிற்பாடு என் பெண்ணுக்கு நீச்சல் நான்தான் கற்றுக்கொடுத்தேன். என் கல்யாணத்துக்கு மாலை கட்டியவள் சித்தி. என் பிரசவத்துக்கு வந்து உடனிருந்தவளும் சித்தி. அவள் இருந்தவரைக்கும் எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதுவும் அவள் இல்லாமல் நடக்கவில்லை. அம்மா, சித்தி, அந்த இரண்டு பேரையும் நினைக்காமல் நான் விளக்கு ஏற்றுவதில்லை.

அன்றைக்குக் குச்சுக்குள் நடந்ததைச் சொல்லவில்லையே. நான் உள்ளே, சித்தி வெளியே. கீற்றுக்கு நடுவில் அவள் விரல் மட்டும் வந்து வந்து போனது.

"ஏன்டி அழுவுற?" என்றாள்.

"இனிமே ஆத்துக்கு விட மாட்டாங்களாம் சித்தி."

"பொம்பளையாகணும்னா காவேரிய விடணும்னு சொல்லியிருந்தா, நானே கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

நான் சிரிக்கவில்லை. "எனக்கு இதெல்லாம் வேணாம் சித்தி," என்றேன்.

அவள் விரல்கள் நின்றன. "வேணாம்னா எனக்குக் குடுத்துரு," என்றாள்.

தின்ன முடியாத மிட்டாயைக் கேட்கிற மாதிரிதான் எனக்குக் கேட்டது. சிரிப்பு வந்துவிட்டது. "எடுத்துக்கங்க," என்று இரண்டு கையையும் கீற்று இடுக்கு வழியாக வெளியே நீட்டினேன். தீட்டென்று யாரும் தொடாத கைகள். சித்தி அவற்றைப் பிடித்துக்கொண்டாள், வெகுநேரம் விடவில்லை. கட்டு இறுகுகிற வரைக்கும் நார் நழுவாமல் இருக்க என் கையையும் சேர்த்துப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து, நானும் அசையாமல் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.