குழி விழாத கால்

"...உனக்கு எதுக்கு சாமி அமுக்கிப் பாக்கோணும்? நீதான் கல்லாட்டம் இருக்கறயே" என்றாள் அம்மா. நான் பாவாடையை முழங்கால் வரை தூக்கிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் மடியில் இருந்ததோ தங்கையின் கால்.

ஊரெல்லாம் உப்புக்காக ஜெயிலுக்குப் போய்க்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் தங்கைக்கு உப்பே ஆகாது என்றாகிவிட்டது. காய்ச்சல் விட்டபின் அவளுக்கு முகம் உப்பி, கண் இடுங்கி, கால் வீங்கிப்போயிருந்தது. மோகனூரிலிருந்து வந்த வைத்தியர், "உப்பு தண்ணியப் புடிச்சு ஒடம்புக்குள்ளயே வெச்சுக்குமுங்க. மூத்திரம் நல்லாப் பிரியற வரைக்கும் குடிக்கறதையும் அளந்துதான் குடுக்கோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதெல்லாம் என் காதில் ஏறவில்லை. என் கண்ணில் பட்டது வேறு. அவளுக்குத் தனி அடுப்பு, சின்னச் சட்டியில் தனிச் சோறு. எருமப்பட்டிச் சந்தைக்குப் போன அப்பா அவளுக்கு மட்டும் பார்லி வாங்கி வந்தார். தண்ணீரைக்கூட வெள்ளிச் சங்கில் புகட்டினார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது நான் பால் குடித்த சங்கு அது. போதாததற்கு, விவரம் தெரியாத வளையல்காரர் வேறு, "சின்ன பாப்பா கொழுகொழுன்னு இருக்குதுங்க. பெரிசுக்கு ஏனுங்க, சோறு போடறதில்லையா?" என்று கேட்டுவைத்தார். எனக்கு வயிறு எரிந்தது.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது அம்மாவின் கட்டைவிரல்தான். காலையில் எழுந்ததும் அம்மா தங்கையின் கணுக்காலுக்கு மேலே அழுத்தி எடுப்பாள். குழி விழும். அது மேடேறும் வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். என் முகத்தை அவள் அத்தனை நேரம் பார்த்ததேயில்லை.

ஒரு நாள் அழுது புரண்டு அந்தச் சட்டிச் சோற்றில் ஒரு உருண்டை வாங்கிவிட்டேன். வாயில் வைத்தால் மண். துப்பினால் மானம் போகுமே என்று விழுங்கினேன்.

"உப்பு எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு. சொல்லுக்கா" என்றாள் தங்கை.

நான் தண்ணீர்ப் பானைக்கு ஓடினேன்.

"மடக்கு மடக்குன்னு சத்தமாக் குடி அக்கா. நான் கேட்டுக்கறேன்."

கேலி செய்கிறாள் என்று நினைத்து, வீம்புக்கு இன்னும் சத்தமாகக் குடித்தேன். அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில்தான் நானும் காலை நீட்டினேன். கல்லாட்டம் இருக்கிறேன் என்று சொன்ன அம்மா, என்ன நினைத்தாளோ, என் காலையும் இழுத்து மடியில் போட்டுக்கொண்டு கட்டைவிரலால் அழுத்தினாள். எடுத்தாள். குழி விழவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. மறுபடி அழுத்தினாள், எடுத்தாள். அப்போதும் விழவில்லை. அவள் விடவில்லை, ஒரு கையால் தங்கையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என் காலை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். குழி விழாதபோதெல்லாம் அவள் முகம் தெளிந்தது.

எனக்கும் ஒரு குழி விழாதா என்றுதான் தேடுகிறாள் என்று நினைத்தேன்.