கண்ணாடித் தகட்டில் சுரண்டிய முகம்

இதை நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி சிரிப்பாள். சிரித்து முடித்த கையோடு எழுந்துபோய் என் வேலை அறைக் கதவைச் சாத்திவிட்டு வருவாள். நீங்களும் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றுமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். இல்லாததைச் சேர்ப்பதெல்லாம் என் தொழிலோடு சரி, இந்தக் கதையில் ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

தொழில் என்றால், காரகோல் என்ற மலை ஊரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் வேலை. கட்டைவிரல் அளவுப் படத்தைக் கொடுத்தால் சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாக்கி வண்ணம் பூசித் தருவேன். வாழ்நாளில் கோட்டே போடாதவருக்குக் கோட்டு மாட்டிவிடுவேன். செத்துப்போன புருஷனைக் கொண்டுவந்து மனைவி பக்கத்தில் உட்கார வைப்பேன். எங்கள் மலைப் பக்கத்தில் பாதி வீட்டுச் சுவர்களில் என் கைவேலைதான் தொங்குகிறது.

1979 டிசம்பரில் பூரூல் வந்தாள். மேல் தெருக்காரி, பால் பண்ணையில் வேலை, என்னைவிட எட்டு வயது மூத்தவள். தலைத்துணியில் சுற்றி ஒரு படம் கொண்டுவந்திருந்தாள். நாற்காலியில் ஓர் இளம்பெண், மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் ஒரு பையன். பின்னால் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு ஓர் ஆள். தொப்பிக்கும் சட்டைக் காலருக்கும் நடுவே கறுப்பு மை.

எங்கள் ஊரில் இப்படிப்பட்ட படம் இல்லாத வீடு குறைவு. முப்பத்தேழில் ரகசியப் போலீஸ்காரர்கள் வந்து ராத்திரியோடு ராத்திரியாக ஆளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். விடிந்ததும் வீட்டுக்காரர்களே அவர் முகத்தில் மை பூசிவிடுவார்கள். மக்களின் எதிரி என்று பேர் வாங்கியவர் சுவரில் இருந்தால் மிச்சமிருப்பவர்களுக்கும் ஆபத்து. இதையெல்லாம் யாரும் பேச மாட்டோம். டீ குடித்தபடி வேறு ஏதாவது பேசுவோம்.

"யாரு பூசினதுக்கா?" என்றேன்.

"அம்மாதான். ஊசியால சுரண்டி, அதுக்கு மேல பூசியிருக்கா."

"இப்ப எதுக்கு?"

"அம்மா படுத்துட்டா தம்பி. டாக்டர் கைய விரிச்சிட்டார். அப்பா முகம் ஞாபகத்துல வரவே மாட்டேங்குதாம். நாப்பத்திரண்டு வருஷமா தேடுறாளாம். 'அங்க போனா அவரை எப்படிடீ கண்டுபிடிப்பேன்'னு அதையே கேட்டுட்டு இருக்கா."

மடியில் இருந்த குழந்தைதான் பூரூல். அவளுக்கும் அப்பா இமானலியின் முகம் நினைவில்லை. அந்தப் பையன் போர் நடந்த வருஷங்களில் காய்ச்சலில் போய்விட்டான். வேறு படம் கிடையாது.

"உங்க முகத்தையே கொஞ்சம் மாத்தி, மீசை வச்சுக் குடுத்துடறேன். எல்லாருக்கும் அப்படித்தான் செய்யறது."

"மீசை வச்ச என்னையப் பார்க்கவா அம்மா உசுரப் பிடிச்சிட்டு இருக்கா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. படத்தின் பின்பக்கம் பார்த்தேன். ஸாகிர் என்று முத்திரை. அந்தக் காலத்துப் போட்டோக்காரர், தாத்தார் இனத்தவர், இறந்து பல காலம். அவர் நெகட்டிவைக் கண்ணாடித் தகட்டில் எடுப்பவர். தகடு உடையாமல் எங்காவது இருந்தால் அதில் மை இருக்காது அல்லவா? பார்க்கிறேன் என்றேன். பூரூல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் ஸாகிரின் வீட்டுக்குப் போனேன். அவர் மருமகள் நஸீபா மட்டும் இருந்தாள், அறுபது வயது, வாய் ஓயாத பெண்பிள்ளை. விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தே போ. எத்தனை மாப்பிள்ளை, எத்தனை மணப்பொண்ணு... எல்லாரையும் சோடா உப்புப் போட்டுக் கழுவித் தள்ளிட்டேன். தக்காளி நாத்தைப் பனி படாம மூடக் கண்ணாடி வேணுமில்ல?"

"ஒண்ணுமே மிச்சம் இல்லையா?"

"வராந்தா ஜன்னல்ல கொஞ்சம் மாட்டியிருக்கேன். கழுவச் சோம்பல். போய்ப் பாரு, நான் டீ வைக்கிறேன்."

வராந்தா முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்கள். கழுவியவை பாதி, கழுவாதவை பாதி. கழுவாதவற்றில் மனிதர்கள். வெள்ளையெல்லாம் கறுப்பாக, கறுப்பெல்லாம் வெள்ளையாக. மேற்கு வெயில் அவர்கள் வழியாக உள்ளே வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஓரத்துச் சதுரத்தில் இருந்தார்கள். நாற்காலி, பெண், குழந்தை, பையன், பின்னால் தொப்பி.

முகம் இல்லை. தகட்டிலும் சுரண்டப்பட்டிருந்தது. அந்த இடத்தில் வெறும் கண்ணாடி, நகத்தளவு.

"என் மாமனார் பயந்தாங்கொள்ளி," என்று உள்ளேயிருந்து நஸீபா சொன்னாள். "அந்த வருஷம் ஊசிய வச்சுக்கிட்டு உக்காந்தார்னா எழுந்திரிக்கவே மாட்டார்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கிழவியிடம் போய் என்ன சொல்வது? கிளம்பலாம் என்று கடைசியாக ஒருமுறை குனிந்து பார்த்தேன். மணி நாலே கால்.

சுரண்டிய இடத்தில் ஒரு முகம் இருந்தது.

கறுப்பு வெள்ளை மாறிய முகம் இல்லை. சரியான முகம். தோலின் நிறம், புருவம், மோவாய்... தொப்பிக்கும் காலருக்கும் நடுவே இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது.

வெளியே யாரோ நிற்கிறார்கள், ஓட்டை வழியாகத் தெரிகிறது என்று நினைத்தேன். நகத்தளவு தெரிய வேண்டுமென்றால் முற்றத்துக் கோடியில், ஆப்பிள் மரத்தடியில் நிற்க வேண்டும். பக்கத்துச் சதுரம் கழுவியது. அதன் வழியாகப் பார்த்தேன்.

மரம். பனி. ஆள் இல்லை.

திரும்பவும் ஓட்டை வழியாகப் பார்த்தேன். இருந்தான்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. தகட்டில் இருந்தவர்களைப் பார்த்தான். மனைவியை. பையனை. குழந்தையை. ஒவ்வொருவரிடமும் கண் நின்று நின்று நகர்ந்தது.

பிறகு கண்ணாடியில் ஆவி படிந்தது. அந்த நகத்தளவு இடத்தில் மட்டும். விரலால் துடைத்தேன். போகவில்லை.

ஆவி வெளிப்பக்கம் படிந்திருந்தது...

மரத்தடியில் நிற்பவனின் மூச்சு இங்கே எப்படிப் படும்?

கதவைத் திறந்து முற்றத்துக்கு ஓடினேன். ஜன்னலுக்குக் கீழே பனி தட்டில் கொட்டிய மாவு மாதிரி கிடந்தது. ஒரு கால் தடம் இல்லை.

"பேயடிச்ச மாதிரி நிக்கிறே," என்றாள் நஸீபா, டீக் கிண்ணத்தோடு. "குடி முதல்ல."

குடித்தேன். பல் கிண்ணத்தில் இடித்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பயத்தோடு சந்தோஷமும் இருந்தது. இமானலியின் இடத்தில் இமானலியைத் தவிர வேறு யார் வந்து நிற்கப் போகிறார்கள்? மனைவி சாகக் கிடக்கிறாள், மனிதர் முகத்தைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். அப்படித்தான் நினைத்தேன். பார்த்த முகத்தை மறக்காதவன் நான், அதுதான் எனக்குச் சோறு போடுகிறது. தகட்டைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு வேலை அறைக்குப் போனேன்.

ஆறு மணிக்குத் தூரிகையை எடுத்தேன். நன்றாக இருட்டியிருந்தது.

ஒரு முகத்துக்கு இரண்டு நாள் ஆகும் எனக்கு. அன்று கை தானாகப் போனது. ஆனால் தகட்டில் பொருந்திய முகம், வரையும்போது அந்தக் கழுத்துக்குப் பொருந்தவில்லை. கழுத்து ஒல்லி, முகம் அகலம். வெளிச்சமும் வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. இழுத்துப் பிடித்துப் பொருந்த வைத்தேன்.

வெளியே ஒரு மோட்டார் சத்தம்.

வந்து நின்ற வண்டி, எஞ்சினை அணைக்காமல் உறுமிக்கொண்டிருந்தது. எங்கள் சந்தில் யாரிடமும் கார் கிடையாது. திரையை விலக்கினேன்.

சந்து காலியாக இருந்தது. சத்தம் மட்டும் நிற்கவில்லை...

வந்து உட்கார்ந்தேன். ஈரத் தோலின் வாசனை. மழையில் நனைந்த பூட்ஸ் வாசனை.

எனக்குப் பின்னால் ஒரு பெல்ட் கிறீச்சிட்டது.

நான் திரும்பவில்லை.

கை நிற்கவில்லை.

கண்... மூக்கு... மோவாய்...

கடைசியில் வாய். வாயை வரைந்து முடித்ததும் எஞ்சின் சத்தம் நகர்ந்து, மேல் தெருப் பக்கம் ஏறிப் போனது.

காலையில் பூரூல் வந்தாள். படத்தைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என் மூக்கு இவர்கிட்டேருந்துதான் வந்திருக்கு," என்றாள். "எங்கேருந்து கிடைச்சுது தம்பி?"

"தகடு கிடைச்சுது," என்றேன். அது பொய் இல்லையே.

மறுநாள் எண்ணெயில் பொரித்த ரொட்டி ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது, ஆனால் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பார்த்த உடனே அடையாளம் கண்டுக்கிட்டா தம்பி. 'இதே முகந்தாண்டி. கடைசி ராத்திரி வாசல்ல நின்னு என்னையவே பார்த்துச்சு'ன்னா. இனிமே பயம் இல்லையாம். அங்க போனதும் தெரிஞ்சுடுமாம்."

அவள் அம்மா மூன்றாம் நாள் போய்விட்டாள், படத்தை நெஞ்சில் வைத்தபடி. நான் செய்த வேலைகளிலேயே இதுதான் உருப்படியானது என்று நினைத்துக்கொண்டேன். வசந்தத்தில் பூரூல் கல்லறைக்குக் கல் நட்டாள். அப்பாவின் உடல் எங்கே புதைந்ததோ, முகமாவது அம்மாவோடு இருக்கட்டும் என்று இரண்டு பேரையும் ஒரே கல்லில் பொறிக்கச் சொன்னாள். கல்தச்சன் என் படத்தைப் பார்த்துத்தான் வெட்டினான். நன்றாகவே வெட்டினான்.

ஆறு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு நாள் ஷைலோபெக் என்று ஒருவர் வந்தார். பஸ் டிரைவர், ஐம்பது வயது, அமைதியான மனிதர். பையிலிருந்து ஒரு சின்னப் படம் எடுத்தார்.

"எங்கப்பா தம்பி. பெரிசாக்கணும். பொண்ணுக்குக் கல்யாணம் வருது, சுவத்துல மாட்டணும். இந்த உடுப்பு மட்டும் வேணாம். சாதாரணக் கோட்டு போட்டுடுங்க."

வாங்கிப் பார்த்தேன்.

அகலமான கழுத்து. அதன் மேல் அதே முகம். இந்தப் படத்தில் முகம் கழுத்துக்குப் பொருந்தியிருந்தது.

நெஞ்சுக்குக் குறுக்கே தோல் பட்டை. காலரில் பதவி காட்டும் பட்டை. முப்பத்தேழில் ராத்திரி வந்தவர்கள் போட்ட காலர் அது என்று எங்கள் ஊர்க் கிழவர்களுக்கு நன்றாகத் தெரியும். பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

"அப்பா... எந்த ஊர்ல இருந்தார்ணே?"

"இங்கதான். முப்பத்தேழுல மேல் தெருவெல்லாம் அவர் பொறுப்பு." தலையைக் குனிந்துகொண்டார். "உங்களுக்குத் தெரியாததா? எனக்கு அப்ப மூணு வயசு."

ஏன் கேட்டேனோ தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"கல்லறை எங்கண்ணே?"

"ஏது தம்பி. அடுத்த வருஷமே அவரையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க. எங்க புதைச்சாங்கன்னு இன்னிவரைக்கும் தெரியாது. ஒரு கல்லு இல்ல, கையேந்தி வேண்டிக்க ஒரு இடம் இல்ல. அம்மா சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லி அழுதா."

கோட்டு வரைந்து கொடுத்தேன். வேலை சுமார்தான். அவர் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

பூரூலிடம் சொல்ல எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அவள் டீ ஊற்றுவாள், வேறு ஏதாவது பேசிவிட்டு வந்துவிடுவேன். இமானலி எப்படி இருந்தான் என்று இனி இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அவன் மனைவி அங்கே போய் யாரைத் தேடினாளோ, எவன் போய் அவள் எதிரில் நின்றானோ.

போன வாரம் கல்லறைப் பக்கம் போனபோது பூரூல் அங்கே இருந்தாள். கல்லில் படிந்த பனியைக் கையால் தள்ளினாள். அந்த முகத்தைத் தன் தலைத்துணியின் முனையால் மெதுவாகத் துடைத்தாள். பிறகு இரண்டு கையையும் ஏந்தி, "அப்பா" என்றாள்.