கொக்கிக்கு மேலே இருந்தவர்

துறைமுகத்தில் எனக்குக் கப்பலின் அடித்தளத்தில் மூட்டைகளைக் கொக்கியில் மாட்டும் வேலை. கிரேன் ஓட்டுபவரை நாங்கள் பார்த்ததேயில்லை. தலைக்கு மேலே சதுரமாக வானம் தெரியும். அதிலிருந்து கொக்கி இறங்கும். காலையில் முதல் கொக்கியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் வழக்கம்.

"கடவுளும் அப்படித்தான். நமக்குக் கொக்கிதான் தெரியும், அவருக்கு நம்ம எல்லாரையும் தெரியும்" என்று அடித்துப் பேசுவேன்.

"அல்லாவ கிரேன்ல ஏத்தாத மாமு" என்று கூட வேலைசெய்த பாய் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் மழையில் வேலை நின்றபோது, ஓட்டுபவரைப் பார்த்தே தீருவதென்று கிரேன் ஏணியில் ஏறினேன். கூண்டில் வழுக்கைத் தலையர் ஒருவர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் கப்பலின் உள்ளே வெறும் இருட்டு. மேல்தளத்தில் ஒருவர் கைகாட்டுவதைப் பார்த்துத்தான் கொக்கியை இறக்குகிறாராம்.

நான் அடித்தளத்து ஆள் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொக்கி கனக்கும் பாரு, அத்த வச்சித்தான் கீய ஆளுங்க கீறாங்கன்னு நம்பிக்கினு கீறேன்" என்றார்.

பாயிடம் இதை நான் சொல்லவில்லை. மறுநாள் காலை முதல் கொக்கி இறங்கியபோது கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. மேலே இருப்பவருக்குத் தெரியட்டும் என்று, இரண்டு கையாலும் பிடித்து ஒருமுறை இழுத்தேன்.