பதினெட்டாம் தூணின் பதில்

எங்கள் பாலக் காப்புக் குழுவில் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேருக்கு நீச்சல் தெரியாது. நானும் அந்த எட்டில் ஒருவன். பாலத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன் என்கிற ஒரே தகுதிக்காக என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். மனுக்களுக்கு நகல் எடுக்க ஓர் ஏமாளி வேண்டுமே.

புதிய பாலம் திறந்ததும் பழையதை இடிப்பது என்று அரசு முடிவு செய்திருந்தது. கடல் ஊருக்குள் நுழையும் முகத்துவாரத்தில் இருபத்து நான்கு தூண்களின்மேல் தொண்ணூறு வருடமாக நிற்கிற பாலம். மேலிருந்து பார்த்தால் துருவும் விரிசலும்தான். தண்ணீருக்குள்ளே கதையே வேறு. தூண் தெரியாதபடி மட்டிச் சிப்பியும் கடற்பஞ்சும் மூடியிருக்கும். அதன்மேல் பூப்பூவாக மென்பவளம். அதைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரல் நீளக் கடல்குதிரைகள். இத்தனை உயிர் ஒரே இடத்தில் இந்தக் கரை நெடுகிலும் வேறெங்கும் இல்லை என்று உயிரியல் டீச்சர் சொன்னார். அவர்தான் எங்கள் தலைவி. ஓய்வு பெற்றும் அதட்டல் ஓயாதவர்.

நான் எழுத வந்தது டீச்சரைப் பற்றி இல்லை, கயிற்றக்காவைப் பற்றி.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்பை இரண்டு பேராக, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடிப்பார்கள். அக்கா பிடித்ததும் தன் பக்கத்தை ஒரு சுண்டு சுண்டுவாள். எதிரே நிற்பவளும் ஒன்று திருப்பிச் சுண்ட வேண்டும். சுண்டாவிட்டால் மடிக்க மாட்டாள். அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பாள், எவ்வளவு நேரமானாலும். புதிதாக வரும் பெண்கள் முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சுண்டுவார்கள்.

அவள் கணவர் பாலத்துத் தூண்களை முங்கிப் பார்த்து அறிக்கை கொடுக்கிறவர். அக்காதான் அவருக்குக் கயிறு பிடிப்பவள். பாலத்தின் தளத்துக்குக் கீழே ஒவ்வொரு தூணிலும் ஓர் இரும்பு மேடை தொங்கும். கடல் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரம் பார்த்து அவர் முதுகில் காற்று உருளையோடு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார். கலங்கல் தண்ணீர்; நீட்டிய கை தெரியாது. பேச்செல்லாம் கயிற்றில்தான். மேலிருந்து ஒரு சுண்டு என்றால் ‘நல்லா இருக்கீங்களா?’ கீழிருந்து ஒரு சுண்டு என்றால் ‘நல்லா இருக்கேன்.’ இரண்டு என்றால் கயிறு விடு. மூன்று என்றால் தூக்கு. பதினாறு வருடம் இப்படியே போனது. வீட்டில் பேசியதைவிடக் கயிற்றில் பேசியதுதான் அதிகம் என்று அக்காவே கேலி செய்வாள்.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு நாள், பதினெட்டாம் தூண். காலை பத்து மணிக்கு இறங்கினார். அக்கா இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் சுண்டினாள். ஒவ்வொரு தரமும் ஒன்று திரும்பி வந்தது. பத்து ஐம்பதுக்கு, காற்று தீர்ந்திருக்குமே என்று பயந்து மூன்று சுண்டிக் கயிற்றை மேலே இழுத்தாள். முதலில் வரவில்லை. பிறகு சட்டென்று லேசாக வந்தது. முனையில் ஆள் இல்லை. கயிறு அறுபடவில்லை, முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது.

அதே நாள் பத்து முப்பதுக்கு, முகத்துவாரத்துக்கு வெளியே, அதற்குள் தொடங்கிவிட்ட இறக்கம் இழுத்துப் போன தூரத்தில், ஒரு மீன்பிடிப் படகு அவர் உடலைத் தூக்கியிருந்தது. படகுக்காரர் கடிகாரம் பார்த்துக் குறித்து வைத்திருந்தார்.

நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து முப்பதிலிருந்து பத்து ஐம்பது வரை அக்காவுக்குப் பதில் சொன்னது யார்?

விசாரித்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. செத்தவன் கயிற்றைச் சுண்ட மாட்டான், ஆகவே கயிறு பிடித்தவள் தூங்கிவிட்டாள் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அக்கா எத்தனையோ சொல்லிப் பார்த்தாள். ஊரே காதில் பூச்சுற்றுகிறாள் என்றது. ஊர் சொன்னதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். வீட்டில் இருந்த மாமியார் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

“என் பையன் தண்ணியில சாகல. இவ தூக்கத்துல செத்தான்.”

வீட்டுக்கு யார் வந்தாலும் கிழவி இதைச் சொல்லுவாள், கோபமே இல்லாமல், வெயிலைப் பற்றிச் சொல்வது போல. இரண்டு பேருக்கும் வேறு போக்கிடம் இல்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, பதினோரு வருடம். மாத்திரை எடுத்துக் கொடுப்பது, நகம் வெட்டிவிடுவது எல்லாம் அக்காதான். அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. தான் தூங்கவில்லை என்று அந்தக் கிழவி நம்ப வேண்டும். அதற்குச் சாட்சி என்று இருந்தது அந்தப் பதினெட்டாம் தூண் மட்டும். அதைத்தான் இடிக்கப் போகிறார்கள்.

எங்கள் குழுவில் தண்ணீருக்குள் போகத் தெரிந்த ஒரே ஆள் நர்ஸ். அதே ஆஸ்பத்திரிக்காரி, விடுமுறையில் முங்குவது அவளுக்குப் பொழுதுபோக்கு. இடிப்பை எதிர்த்து நாங்கள் கொடுத்த மனுவின்மேல் அரசு விசாரணை வைத்திருந்தது; அதற்கு முன் ஒவ்வொரு தூணிலும் என்னென்ன உயிர் இருக்கிறது என்று படம் எடுத்துப் பட்டியல் கொடுக்க வேண்டியிருந்தது. கயிறு பிடிக்க ஆள் தேடியபோது அவள்தான் சலவைக்கூடத்துக்குப் போய் அக்காவைக் கேட்டாள். அக்கா கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்துவிட்டு, “பதினெட்டும் உண்டா சிஸ்டர்?” என்று மட்டும் கேட்டாளாம்.

பதினேழு தூண் வரை ஒரு குறையும் இல்லை. பதினெட்டுக்கு ஒரு காலையில் போனோம். மேடையில் அக்கா, டீச்சர், பட்டியல் எழுத நான். புதிய பாலம் திறந்து, பழையதில் வண்டிகள் நின்று போயிருந்ததால் கீழே இருக்கிற சத்தமெல்லாம் தெளிவாகக் கேட்டது. தண்ணீருக்குள்ளிருந்து ஓயாமல் ஒரு படபடப்பு, வாணலியில் எதுவோ பொரிகிற மாதிரி. அது இறால் சொடுக்குகிற சத்தம் என்று டீச்சர் விளக்கினார். விளக்கம் கேட்ட பிறகும் நான் மேடையின் விளிம்பிலிருந்து தள்ளியே உட்கார்ந்தேன்.

நர்ஸ் இறங்கினாள். அக்கா சுண்டினாள், பதில் வந்தது. மறுபடி சுண்டினாள், வந்தது. கால் மணி நேரம் போயிருக்கும். இரண்டு தூண் தள்ளி, பதினாறாம் தூணின் ஏணிப் பக்கம் தண்ணீர் கலங்கியது. நர்ஸ் தலையை நீட்டி, வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டுக் கத்தினாள்.

“கயிறு சிக்கிடுச்சுக்கா! இழுத்துப் பார்த்தேன், வரல. அவுத்து விட்டுட்டு வந்துட்டேன்!”

“எப்ப அவுத்தீங்க சிஸ்டர்?” என்றாள் அக்கா. குரல் உயரவே இல்லை.

“அஞ்சு நிமிஷம் இருக்கும்!”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். பயம் இல்லை அதில். ரொம்ப நாள் காத்திருந்து பெயர் கூப்பிடப்பட்டவளின் முகம்.

“தம்பி, இப்பத்தான் பதில் வந்துச்சு.”

எங்கள் கண் முன்னால் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். கயிறு விறைத்தது. கீழிருந்து ஒரு சுண்டு. நிதானமான, அழுத்தமான ஒரே சுண்டு.

“நீயே பிடிச்சுப் பாரு.”

வாங்கினேன். சுண்டினேன். என் உள்ளங்கைக்குள் அது திரும்பி வந்தது. மீன் கடித்து வெடுக்கென்று இழுப்பதாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இது நான் சொன்னதைக் கேட்டு, சற்று யோசித்து, பிறகு சொல்வது போல இருந்தது. இரண்டு சுண்டினேன். ஒன்றுதான் வந்தது. மூன்று சுண்டினேன். அதற்கும் ஒன்று. கயிற்றை விட்டுவிட்டேன். அக்கா எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்கு அந்த ஒரு பதில்தான் தெரியும் போல. நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லும்” என்றாள்.

நர்ஸுக்குத் துணிச்சல் அதிகம். வேறு கயிற்றைக் கட்டி டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, விளக்கு மாட்டிய கேமராவுடன் மறுபடி இறங்கினாள். அன்று மாலை என் கடைக் கம்ப்யூட்டரில் நான்கு பேரும் அவள் கிட்டத்தில் எடுத்த வீடியோப் படத்தைப் பார்த்தோம். தூணில் ஆள் தோள் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. கயிறு அதற்குள் போய் மாட்டியிருக்கிறது. உள்ளிருந்து இரண்டு கைகள் நீண்டு கயிற்றைச் சுற்றியிருக்கின்றன. மேலே நாங்கள் சுண்டும்போது அந்தக் கைகள் இறுகி ஒரு தரம் இழுக்கின்றன. பிறகு அசைவில்லை. இருட்டுக்குள் ஒரு கண் மட்டும் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

மீனவர்கள் பேய்க்கணவாய் என்கிற ஆக்டோபஸ். அவ்வளவுதானா என்று எனக்கு மூச்சு வந்தது. டீச்சர்தான் அதைக் கெடுத்தார்.

“இது ரெண்டு வருஷத்துக்கு மேல உயிரோட இருக்காது. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இருந்தது இது இல்ல.”

“அதோட குட்டியா இருக்கும். அம்மாவைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கும்” என்றேன் நான்.

“குஞ்சு வெளிய வர்றதுக்குள்ள தாய் செத்துடும்டா. ஒண்ணை ஒண்ணு பார்க்கவே பார்க்காது.”

“அப்ப இதுக்கு யாரு டீச்சர் சொல்லிக் கொடுத்தா?”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “மறுபடி போடு” என்றார்.

அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அன்னைக்கு அவரு போயிட்டாருன்னு எனக்குத் தெரியாது. அந்த இருபது நிமிஷமும் இதுதான் எனக்குத் துணையா இருந்திருக்கு” என்றாள். அதன்மேல் அவளுக்கு ஆத்திரமே இல்லை என்பது எனக்கு என்னவோ செய்தது. எனக்கு ஆத்திரம் இருந்தது. அது பதில் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் அன்றைக்கு முன்னமே கத்தி ஆளைக் கூப்பிட்டிருப்பாளே.

விசாரணைக்கு அக்கா மாமியாரைக் கையோடு அழைத்து வந்தாள். “அத்தை, ஒரு படம் காட்டுவாங்க. பாருங்க, போதும்” என்று கெஞ்சிக் கூட்டி வந்தது எனக்குத் தெரியும். மூன்றாம் வரிசையில் உட்கார வைத்தாள். நாங்களும் அந்தப் படத்தைத்தான் மலை போல நம்பியிருந்தோம். கயிற்றுக்குப் பதில் சொல்லும் உயிர்! அதிகாரி அசந்து போவார், பாலம் பிழைக்கும், அக்காவும் பிழைப்பாள் என்று நினைத்தோம். கடல்குதிரைப் படங்கள் முடிந்து அதைப் போட நான் கையை வைத்த நேரத்தில், இடிக்க வந்த பொறியாளர் எழுந்தார்.

“ஐயா, பதினெட்டாம் தூண்ல ஏற்கெனவே ஒரு ஆள் செத்திருக்கார். அடியில இருக்கிற எதுவோ ஆளையோ கயிற்றையோ பிடிக்குதுன்னு அப்பவே ஒரு பேச்சு இருந்தது. அது உண்மைன்னா இது உயிருக்கு ஆபத்தான இடம். நாளைக்கே இடிச்சாகணும்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “இதுல நியாயம் இருக்கு. அப்படி ஏதாவது இருந்தா நான் விட்டுவைக்க முடியாது. அன்னைக்குக் கயிறு பிடிச்ச அம்மா இங்க இருக்காங்களா?”

என் விரல் பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினால் பதினோரு வருடப் பழி ஒரு நிமிடத்தில் போய்விடும், பாலமும் போய்விடும். நான் அழுத்திவிடத்தான் இருந்தேன், சத்தியமாக. அக்கா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு எழுந்தாள்.

“நான்தாங்க.”

“அடியில ஏதாவது கயிற்றைப் பிடிச்சுதாம்மா?”

“இல்லைங்க.”

“அப்ப என்ன நடந்தது?”

அக்கா மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரியைப் பார்த்துச் சொன்னாள்.

“தூங்கிட்டேங்க.”

அன்று சாயங்காலமே இடிப்புக்குத் தடை வந்தது. வாசலில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எனக்கு யாரையும் தொடப் பிடிக்கவில்லை. மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்தபடி படிக்கட்டில் நின்றேன். கிழவி மெல்ல வந்து அக்காவின் எதிரே நின்றாள். பதினோரு வருடத்தில் முதல் முறையாக மருமகளின் கையைப் பிடித்தாள்.

“இதை அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கக் கூடாதா? அன்னைக்கே மன்னிச்சிருப்பேனே. இத்தனை வருஷம் பொய் சொல்லிட்டியேன்னுதான் எனக்கு ஆறல.”

நான் வாயைத் திறந்தேன். டீச்சர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார்.

அக்கா அழுதாள். அவள் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. செய்த தப்பை நினைத்து அழுகிறாள் என்று எண்ணி, கிழவி தன் கையாலேயே அவள் கண்களைத் துடைத்துவிட்டாள்.