பதினைந்து அங்குலம் ஆகாதாம்

தம்பி மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான். மேடையில் பேஸ் சத்தம் அவன் காதுக்கு எட்டாமல் இரண்டு கச்சேரிகளில் தாளம் ஓடிவிட்டது. இன்று நத்தத்திலும் ஓடினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள்.

அதனால் அவன் பக்கத்தில் வைக்க ஒரு சின்ன சப்வூஃபர் பெட்டிக்கு நானே கணக்குப் போட்டேன். குழுவின் வேனில் பின்சீட்டுக்கு அடியில் மட்டும்தான் இடம். உயரம் பதினைந்து அங்குலம் என்று ஆசாரியிடம் எழுதியே கொடுத்தேன்.

இன்று மதியம் போனால், பெட்டி பதினாறு அங்குலம் இருக்கிறது.

"பதினஞ்சு ஆகாதும்மா, காரியம் கெட்டுப்போகும். பதினாறுன்னா அம்புட்டும் யோகம்" என்றார் ஆசாரி. அவர் அப்பா அறுபதுகளில் வாங்கிய மனையடி சாஸ்திரப் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினார்.

"அது வீட்டுக்குத்தானே?" என்றேன்.

"இதுலயும் சத்தம் குடியிருக்கணும்ல?"

தம்பியைப் பார்த்தேன். "விடுக்கா, இன்னைக்குப் போய் ஆகாத அளவு எதுக்கு?" என்றான்.

பசை காய்ந்துவிட்டது, அறுக்க நேரமில்லை. சீட்டுக்கு அடியில் பெட்டி அரை அங்குலம் இடித்தது. கடைசியில் அதைச் சீட்டின் மேலேயே ஏற்றினார்கள். அது எனக்கு வைத்திருந்த சீட்டு.

வேன் போய்விட்டது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் நத்தம் பஸ்ஸுக்கு நிற்கிறேன். நான் போய்ச் சேர்வதற்குள் பாதிக் கச்சேரி முடிந்திருக்கும்.

பதினைந்தில் செய்திருந்தால் என்ன கெடுதல் வந்திருக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பதினாறில் வந்ததை நான் பார்த்துவிட்டேன்.