வாயு மூலையும் பக்கத்து வீட்டுக் கிணறும்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். அகரத்தில் நாங்கள் வீடு கட்டியபோது அந்தக் கோபம்தான் ஒரு கிணற்றைக் காப்பாற்றியது.

செப்டிக் டேங்கை எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை தொடங்கியது. கொத்தனார் மனையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து வடமேற்கில் கம்பியை ஊன்றினார். அது வாயு மூலை, கழிவுத் தொட்டி அங்கேதான் வர வேண்டுமாம். ஞாயிறு பூசையைத் தவறவிடாத எங்கள் வீட்டுக்காரரும், "எதுக்கு வம்பு, அங்கயே வச்சிரலாம்" என்றார். திண்டுக்கல் பக்கம் சிலுவை மாட்டிய வீட்டுக்காரர்களும் வாஸ்து பார்க்காமல் அஸ்திவாரம் தோண்ட மாட்டார்கள்.

அந்த மூலைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு. மல்லிகை போட்டிருக்கிற குடும்பம் அது. செடிக்கும் அந்தத் தண்ணீர்தான், குடிக்கவும் அதுதான். நாங்கள் மனை வாங்கிய அன்றே ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, என்னை மதினி என்று கூப்பிட்டவள் அந்த வீட்டுக்காரி. அவள் குடிக்கிற தண்ணீரில் எங்கள் கழிவு கலந்தால்? அங்கே கூடவே கூடாது என்று கொத்தனாரை மறித்தேன்.

"சோதிச்சுப் பாத்துருவோம் டீச்சர்" என்று கொத்தனார் அங்கே குழி வெட்டித் தண்ணீர் ஊற்றினார். பங்குனி வெயில். குடம் குடமாக ஊற்ற ஊற்ற மடமடவென்று இறங்கியது.

"பாத்தீங்களா, அம்புட்டையும் மண்ணு குடிச்சிருச்சு! தங்கமான மண்ணு. ஆயுசுக்கும் டேங்க் ரொம்பாது."

எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற தப்பு இது. வேகமாகக் குடிக்கிற மண் நல்ல மண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள்.

"குடிச்ச தண்ணி எங்க போச்சு கொத்தனாரே? அத யாரு குடிக்கிறது?" என்று கத்தினேன்.

மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே முழுக்கச் சரளை. கழிவுநீர் மண்ணில் நின்று நிதானமாக வடிந்தால்தானே சுத்தமாகும்? வகுப்பில் வடிகட்டுதல் நடத்தி நடத்தித் தொண்டை வறண்டவள் நான். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று பார்க்காமல் டேங்க் வைக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சுவர் வேலை நடக்கட்டும், குழி மட்டும் காத்திருக்கட்டும் என்று சுற்றிலும் வரப்புக் கட்டித் தகரத்தால் மூடினோம்.

இதில் வேடிக்கை, பக்கத்து வீட்டுக்காரியே என்னிடம் மல்லுக்கு வந்தாள். "எங்க கிணத்துக்காக மூலைய மாத்தாதீங்க மதினி. வீட்டுக்கு ஆகாதும்பாங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா என் மனசு கேக்காது."

"நீ சும்மா இரு தாயி" என்று அவளையும் அதட்டினேன். ஆனால் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டு வெறித்த ஒரு காலையில் தகரத்தைத் தூக்கினோம். பாதிக் குழிக்குத் தெளிந்த தண்ணீர், அடியிலிருந்து ஊறி வந்து நின்றது. அவள் ஓடிப்போய்த் தன் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் செத்துப்போயிருந்தது.

"எங்க கிணத்துலயும் இதே மட்டத்துலதான் நிக்கிது மதினி. பேத்திக்கு இந்தத் தண்ணியத்தான..."

கொத்தனார் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், வாசல் கேட்டுக்குப் பக்கத்து மேட்டில் வேறு குழி வெட்டினார். அங்கே மண் கையில் லேசாக ஒட்டியது. ஊற்றிய தண்ணீர் செத்த நேரம் நின்று, மெல்ல மெல்ல இறங்கியது. அடைமழையிலும் அடியில் ஊற்றுக் காணவில்லை. "வாசல்ல எவனாச்சும் டேங்க் வைப்பானா டீச்சர்?" என்று முனகிக்கொண்டேதான் கட்டி முடித்தார்.

பால் காய்ச்சிய அன்று விருந்தாளிகள் அத்தனை பேரும் டேங்க் மூடியை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் அந்தக் கதையைத் தான்தான் யோசித்தது மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி ஒரு இடுப்பில் தன் கிணற்றுத் தண்ணீர்க் குடமும் மறு இடுப்பில் பேத்தியுமாக வந்தாள். எல்லோருக்கும் அந்தத் தண்ணீரில்தான் காப்பி. அடுப்பில் ஏற்றுவதற்கு முன்னால் அவள் ஒரு டம்ளர் மொண்டு பேத்தியின் வாயில் வைத்தாள். குழந்தை மடக் மடக்கென்று குடித்தது.

அன்றைக்கு முழுவதும் எனக்கு யார்மேலும் கோபமே வரவில்லை.